எட்டாத உயரத்தில் பாடநூல்

விண்ணிலிருந்து எடுத்த படம் இலவசம். அதைப் படிக்கக் கற்றுத்தரும் புத்தகமோ பல ஆயிரம் ரூபாய். பொறியியல் முதல் குழந்தைகளின் விளையாட்டு வரை, ஆய்வு நூல்கள் படிக்க வேண்டியவர்களின் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கின்றன.

பெங்களூரின் மைசூர் பேங்க் சதுக்கத்திலிருந்து சிட்டி மார்க்கெட்டை நோக்கிச் செல்லும் அவென்யூ ரோட்டில் பட்டுப்புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையே இன்னொரு வியாபாரமும் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அது பழைய பாடப்புத்தக வியாபாரம். தேர்வு முடிந்த மாணவர் கொண்டுவந்து போடுவார், அடுத்த ஆண்டு மாணவர் பேரம் பேசி எடுத்துப் போவார். அடிக்கோடுகளும் ஓரக் குறிப்புகளும் இலவச இணைப்பு. இந்தச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது புத்தகத்தின் தரம் அல்ல, பாடத்திட்டம்தான். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2018, 2021, 2022 என்று அடுத்தடுத்துப் புதிய பாடத்திட்டங்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நேற்றுவரை விலைபோன புத்தகம் எடைக்குப் போகும் நிலைக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் நியூட்டன் விதி மட்டும் மாறுவதில்லை.

இது அடித்தட்டுக் கதை. இதற்கு மேல் இன்னொரு தட்டு இருக்கிறது. அங்கே பழைய புத்தகமும் கிடைக்காது, பேரமும் கிடையாது. முதுநிலை மாணவரும் ஆராய்ச்சியாளரும் தேடும் ஆய்வு நூல்களின் உலகம் அது. தொலையுணர்வு, கம்ப்யூட்டரில் மாதிரியை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன், பொறியியலின் நுண்பிரிவுகள், குழந்தைகளின் விளையாட்டைப் பற்றிய உளவியல் என்று எந்தத் துறையை எடுத்தாலும், மேலைநாட்டு நிறுவனங்கள் வெளியிடும் ஆய்வு நூல் ஒன்றின் விலை சர்வசாதாரணமாக 100 முதல் 200 டாலர். பல தொகுதிகள் கொண்ட கையேடு என்றால் அதையும் தாண்டும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 150 டாலர் புத்தகத்துக்கு 12,750 ரூபாய் ஆகிறது. ஒரு கல்லூரி நூலகர் வாங்கத் தயங்கும் தொகை இது. மாணவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏன் இந்த விலை?

பதிப்பாளர்கள் தரப்பில் சொல்லப்படும் காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒரு ஆய்வு நூல் உலகம் முழுவதும் சேர்த்துச் சில நூறு பிரதிகள் விற்றாலே பெரிது. அதை வாங்குவது தனிநபர்கள் அல்ல, பல்கலைக்கழக நூலகங்கள். கைப்பிரதியைச் செப்பனிடுவது, படம் வரைவது, அச்சுக்கோப்பது, சரிபார்ப்பது ஆகிய செலவுகள் 300 பிரதிக்கும் 30,000 பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முந்தையதில் அந்தச் சுமை 300 தலைகளில் விழுகிறது. விலை ஏறினால் வாங்கும் நூலகங்கள் குறையும். நூலகங்கள் குறைந்தால் விலை மேலும் ஏறும். இந்தச் சுழலிலிருந்து துறை வெளியே வரவே இல்லை.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. இத்தகைய நூல்களில் கட்டுரை எழுதும் பேராசிரியர்களுக்குப் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. தரம் பார்த்துச் சொல்லும் மதிப்பாய்வாளர்களும் சம்பளமில்லாமலே உழைக்கிறார்கள். அவர்களுடைய மாதச் சம்பளம் பல நேரங்களில் அரசு கஜானாவிலிருந்து, அதாவது வரி கட்டுபவரின் பணத்திலிருந்து வருகிறது. அரசு பணத்தில் நடந்த ஆராய்ச்சியை, அரசு சம்பளம் வாங்குபவர் எழுத, அதை அரசு நூலகமே டாலர் கொடுத்துத் திரும்ப வாங்குகிறது. இந்தியத் தொலையுணர்வுச் சங்கத்தின் ஆய்விதழ்கூட இன்று ஸ்ப்ரிங்கர் என்ற பன்னாட்டு நிறுவனத்தின் வழியாகத்தான் வெளிவருகிறது.

வல்லரசுகள் தந்த மலிவுப் பதிப்பு

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960களிலிருந்து மூன்று வல்லரசுகள் இந்திய மாணவரின் புத்தக அலமாரிக்காகப் போட்டி போட்டன. பிரிட்டன் அரசின் மானியத்தோடு இ.எல்.பி.எஸ். என்ற மலிவுப் பதிப்பு வரிசை வந்தது. மருத்துவமும் பொறியியலும் படித்த ஒரு தலைமுறைக்கே அந்தச் சின்னம் பரிச்சயம். பி.எல்.480 திட்டத்தில் கோதுமை விற்று அமெரிக்கா இந்தியாவில் சேர்த்த ரூபாயின் ஒரு பகுதி, அமெரிக்கப் பாடநூல்களை இங்கேயே மலிவாக அச்சிடச் செலவானது. மாஸ்கோவின் மிர் பதிப்பகம் இவர்கள் இருவரையும் விஞ்சியது. கெட்டி அட்டை போட்ட கணித, இயற்பியல் நூல்கள் சில ரூபாய்க்குக் கிடைத்தன. தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸும், பெங்களூரில் நவகர்நாடகா பதிப்பகமும் அவற்றைக் கடைக்கோடி ஊர் வரை கொண்டு சேர்த்தன. இரோடோவின் இயற்பியல் கணக்குகள் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்களின் மேஜையில் இன்றும் இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

பனிப்போர் முடிந்ததும் பரிசும் நின்றது. 1991இல் சோவியத் யூனியன் சிதறியபோது மலிவு நூல்களின் வரத்து வற்றியது. 1997இல் இ.எல்.பி.எஸ். திட்டத்தையும் பிரிட்டன் மூடியது. நல்லெண்ணம் என்று நாம் நினைத்ததில் பாதி அரசியல் என்பது அப்போது புரிந்தது.

அந்த இடத்தை நிரப்பியது உள்நாட்டு முயற்சி. பிரென்டிஸ் ஹால் ஆஃப் இந்தியா, டாட்டா மெக்ராஹில், வைலி ஈஸ்டர்ன் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டு நூல்களை நியூஸ்பிரிண்ட்டுக்குச் சற்று மேலான தாளில் அச்சிட்டு இந்திய விலையில் தந்தன. இந்தியர்களே எழுதிய நூல்களும் வந்தன. சிமுலேஷன் பற்றி நர்சிங் தேவ் எழுதிய ஒல்லியான புத்தகம் பல பத்தாண்டுகளாக இந்திய வகுப்பறைகளில் புழங்குகிறது. அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துக்கு இயக்குநராக இருந்த ஜார்ஜ் ஜோசப் 2003இல் தொலையுணர்வின் அடிப்படைகளைப் பற்றி எழுதிய நூலை யுனிவர்சிட்டீஸ் பிரஸ் வெளியிட்டது. செயற்கைக்கோளின் கண்ணான காமிராவை வடிவமைத்தவரே அது எப்படிப் பார்க்கிறது என்று விளக்குகிறார். நம்மவர் எழுதி நம் நாட்டில் அச்சானால் விலை அடங்கும் என்பதற்கு இவை கண்முன் உள்ள சாட்சி.

நீதிமன்றத்தில் புத்தகம்

இந்தியப் பதிப்புகளின் அட்டையில் ஒரு வரி காணப்படும்: இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே விற்கக் கூடாது. அந்த வரிக்கு எவ்வளவு பலம் என்பதை 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடைபோட்டது. சுபாப் கிர்ட்செங் என்ற தாய்லாந்து மாணவர் அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில், ஊரிலிருந்து உறவினர்கள் வாங்கி அனுப்பிய மலிவுப் பதிப்புகளை இணையத்தில் விற்று லாபம் பார்த்தார். ஜான் வைலி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வெளிநாட்டில் முறைப்படி அச்சான புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம் என்று 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. மாணவர் ஜெயித்தார். ஆனால் ஆசியாவில் மலிவாக விற்றால் அது அமெரிக்கச் சந்தைக்கே திரும்பி வரும் என்ற அச்சம் பதிப்பாளர்களுக்கு வலுத்தது. ஏழை நாட்டுக்கென்று தனி விலை வைக்கும் ஆர்வத்துக்கு இது நல்லதல்ல.

இந்தியாவில் போராட்டம் ஜெராக்ஸ் கடையில் நடந்தது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ் மீது 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பெரும் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பல நூல்களிலிருந்து பாடத்துக்குத் தேவையான பக்கங்களைப் பிரதியெடுத்து ஒரே கட்டாக விற்றதுதான் குற்றச்சாட்டு. 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். காப்புரிமை என்பது தெய்வம் தந்த வரமோ இயற்கை உரிமையோ அல்ல என்பது அவர் தீர்ப்பின் சாரம். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்தக் கொள்கையை ஏற்றது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது. கற்பிக்கும் தேவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் பிரதியெடுத்தார்களா என்று விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் பெற்றன.

இந்தத் தீர்ப்பு முழுப் புத்தகத்தையும் பிரதியெடுத்து விற்கக் கொடுத்த உரிமம் அல்ல. செல்போனில் சுற்றும் திருட்டுப் பிரதிகளுக்கு அது பொருந்தாது. திருட்டுப் பிரதியால் லண்டன், நியூயார்க் நிறுவனங்கள் மட்டும் நஷ்டப்படுவதில்லை. 500 ரூபாய்க்கு நேர்மையாகப் புத்தகம் போடும் சென்னை, ஐதராபாத் பதிப்பாளரும், பத்து ஆண்டு வகுப்பெடுத்த அனுபவத்தை எழுதிய உள்ளூர் ஆசிரியரும் சேர்ந்துதான் நஷ்டப்படுகிறார்கள். அவர்கள் எழுதுவதை நிறுத்தினால் மிஞ்சுவது தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டும் கைடு மட்டுமே.

படம் இலவசம், பாடம் இல்லை

இந்த முரண்பாடு மிகப் பளிச்சென்று தெரிவது தொலையுணர்வுத் துறையில். பெங்களூர் இந்தத் துறையின் தலைநகரம். இஸ்ரோவின் தலைமையகம் இங்கேதான். 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.1ஏ முதற்கொண்டு நாட்டின் நிலத்தையும் நீரையும் நோட்டமிடும் செயற்கைக்கோள்கள் இந்த நகரத்தில்தான் உருவாயின.

ஒரு காலத்தில் படமும் எட்டாத பொருளாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படம் ஒன்று ஏறக்குறைய 600 டாலருக்கு விற்றது. விற்பனை உச்சத்தில் இருந்த 2001இல்கூட நாளொன்றுக்குப் போனவை சுமார் 53 படங்கள். 2008இல் அத்தனை படங்களையும் இலவசமாக்கினார்கள். அதன்பின் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொள்ளப்பட்டன. காடு அழிவதும், ஏரி சுருங்குவதும், பயிர் வாடுவதும் அதுவரை பணக்கார ஆய்வகங்களின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தன. அதன்பின் எல்லோருக்கும் தெரியத் தொடங்கின. ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் இலவசம். இஸ்ரோ 2009இல் புவன் தளத்தைத் திறந்தது. 5 மீட்டரும் அதற்கு மேற்பட்ட அளவும் கொண்ட அரசு செயற்கைக்கோள் தரவுகள் கட்டணமின்றிக் கிடைக்கும் என்று 2023ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை அறிவித்தது.

ஆக, தர்மபுரியில் உள்ள ஒரு கல்லூரி மாணவி தன் ஊர் ஏரியின் முப்பதாண்டுக் கதையைச் செயற்கைக்கோள் படங்களில் காசில்லாமல் பார்க்கலாம். எந்த நிறம் தண்ணீர், எந்த நிறம் ஆகாயத்தாமரை, எது மேகத்தின் நிழல் என்று பிரித்தறியும் புதிய முறைகளை விளக்கும் நூல் வேண்டுமென்றால்தான் 150 டாலர்.

சிமுலேஷனிலும் இதே கதை. பாலத்தைக் கட்டும் முன் கம்ப்யூட்டரில் கட்டி, காற்றையும் பாரத்தையும் ஏற்றிப் பார்ப்பது இன்று பொறியியலின் அன்றாட வேலை. அதற்கான மென்பொருளும் நூலும் சேர்ந்து கேட்கும் விலை சிறிய கல்லூரியால் தாங்க முடியாதது. இங்கே மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் ஒரு நல்ல வழி காட்டியது. பிரபலமான பாடநூல்களில் தீர்த்துக் காட்டப்பட்டிருக்கும் கணக்குகளை மாணவர்களே சைலாப் என்ற இலவச மென்பொருளில் எழுதித் தருவார்கள், அவை எல்லோருக்கும் இலவசமாக வழங்கப்படும். நூற்றுக்கணக்கான நூல்களுக்கு இப்படித் துணைக் கோப்புகள் உருவாயின. எழுதிய மாணவருக்கு உதவித்தொகையும் கிடைத்தது, பாடமும் புரிந்தது.

விளையாட்டும் விலையும்

குழந்தைகளின் விளையாட்டுக்கும் இந்த விலைக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு. குழந்தை விளையாடுவது பொழுதுபோக்கு அல்ல, அது கற்கும் முறை என்று பியாஜே, வைகாட்ஸ்கி காலத்திலிருந்து உளவியலாளர்கள் சொல்லி வருகிறார்கள். 2022இல் வெளியான அடித்தளப் பருவத்துக்கான தேசியக் கலைத்திட்டமும் அதையே சொல்கிறது. 3 முதல் 8 வயது வரையான குழந்தைகளுக்காக 2023 பிப்ரவரியில் ஜாதுயி பிடாரா என்ற விளையாட்டுப் பெட்டியை மத்திய அரசு அறிமுகம் செய்தது. பொம்மையும் புதிரும் வகுப்பறைக்குள் வந்துவிட்டன.

அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியவர் அங்கன்வாடி ஊழியரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும். ஏன் இந்த விளையாட்டு, எந்த வயதில் எது, விளையாடாமல் ஒதுங்கி நிற்கும் குழந்தையிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையெல்லாம் விவாதிக்கும் புதிய ஆய்வு நூல் ஒன்றின் விலை கிட்டத்தட்ட அவருடைய ஒரு மாத மதிப்பூதியம். அது இருப்பதும் ஆங்கிலத்தில்.

மாற்று இல்லாமல் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அர்விந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் கொண்டு பொம்மை செய்யக் கற்றுத்தரும் தன் நூல்களைப் பல இந்திய மொழிகளில் இலவசமாகவே விட்டிருக்கிறார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் நாட்டுப் பொம்மைகளைப் பற்றி சுதர்சன் கன்னா எழுதிய நூலை நேஷனல் புக் டிரஸ்ட் சில ரூபாய் விலையில் வெளியிட்டது. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கும் சன்னபட்டணத்தில் அரக்குச் சாயம் பூசிக் கடையும் மர பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. தமிழில் தேவநேயப் பாவாணர் 1950களிலேயே தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கினார். அவர் நூல்கள் பின்னர் நாட்டுடைமையாயின. யாரும் அச்சிடலாம், யாரும் படிக்கலாம்.

6,000 கோடி ரூபாய்ப் பதில்

மத்திய அரசு இந்தச் சிக்கலுக்குத் தந்த பெரிய பதில் "ஒரே நாடு, ஒரே சந்தா". 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்தத் திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கீடு. 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி பேர் என்று கணக்குச் சொல்லப்பட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 ரூபாய். அதுவரை ஐ.ஐ.டி.க்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் மட்டுமே கிடைத்தது ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரிக்கும் கிடைக்கிறது என்றால் அது சிறிய விஷயமல்ல.

ஆனால் ஓட்டைகள் இரண்டு. முதலாவது, திட்டம் ஆய்விதழ்களுக்கானது. புத்தகம் அதில் இல்லை. இரண்டாவது, அது தொடங்கியது அரசு நிறுவனங்களோடு. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் இருப்பது தனியார் கல்லூரிகளில். கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். இன்னொரு கேள்வியும் எழுகிறது. அறிவை வாங்குவதற்கு 6,000 கோடி என்றால், உருவாக்கி வெளியிடுவதற்கு எவ்வளவு?

வெளியிடும் வழிக்குப் பெங்களூரே முன்மாதிரிகள் தந்திருக்கிறது. 1934இல் சர் சி.வி. ராமன் இங்கே நிறுவிய இந்திய அறிவியல் அகாடமி தன் ஆய்விதழ்களை 1990களின் இறுதியிலிருந்தே இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்தது. இந்திய அறிவியல் கழகம் தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் களஞ்சியத்தை 2002லேயே தொடங்கி நாட்டுக்கு முன்னோடியானது. அந்தக் கழகமும் ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இன்று கிராமத்துக் கல்லூரி மாணவரும் செல்போனில் பார்க்கிறார். 2004இல் இதே நகரத்தில் பிறந்த பிரதம் புக்ஸ் 2015இல் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து, குழந்தைகள் கதைகளை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம் என்ற திறந்த உரிமத்தில் விட்டது. தமிழரான சுப்பையா அருணாசலம் இந்தத் திறந்த அணுக்கத்துக்காகப் பல பத்தாண்டுகள் விடாமல் வாதாடியவர்.

தமிழுக்கும் சொந்த வழி ஒன்று உண்டு. 1949இல் பாரதியின் படைப்புரிமையை அரசு விலைக்கு வாங்கியதோடு தொடங்கியது நாட்டுடைமை மரபு. எழுத்தாளர் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை, மக்களுக்கு நூல் என்ற எளிய ஏற்பாடு அது. அதுபோல 1970இல் உருவான தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்கு நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை வெளியிட்டது. இயற்பியலும் உளவியலும் பொருளாதாரமும் தமிழில் குறைந்த விலைக்கு வந்தன. அந்த வேகம் பின்னர் தளர்ந்தது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது எழுந்த முதல் கேள்வியே புத்தகம் எங்கே என்பதுதான்.

இதுவரை நாட்டுடைமையானவை பெரும்பாலும் இலக்கிய நூல்கள். அந்தக் கையை ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியரின் நல்ல பாடநூலுக்கும் நீட்டினால் என்ன? உரிமைத் தொகையை ஒரே தவணையில் ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு நூலைப் பொதுவாக்கலாம். அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சி நூலாகும்போது, இந்திய விலையில் ஒரு பதிப்பு கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். இரண்டுக்கும் 6,000 கோடி தேவையில்லை.

மலிவுப் பதிப்பை ஒரு காலத்தில் மாஸ்கோவும் லண்டனும் வாஷிங்டனும் தங்கள் காரணத்துக்காகத் தந்தன. அந்தக் காரணம் தீர்ந்ததும் கடையைக் கட்டின. நம் மாணவருக்கு மலிவுப் பதிப்பு வேண்டும் என்ற காரணம் நமக்கு இன்னும் தீரவில்லை. அதுவரை அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைக்காரருக்கு வியாபாரம் குறையப் போவதில்லை.